ஆற்றங்கரைக் காணியைத் தருமசாதனமாக எழுதி வைக்கலாமா?

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனகராயன் ஆற்றங்கரையில் அவருடைய அப்பா வாங்கிவைத்த ஆறு ஏக்கர் உறுதிக்காணி (சொந்தப் பத்திரம் உள்ள தனியார் காணி) இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் நாலு பேரும் நாலு நாட்டில். காணியைப் பார்க்கச் சொல்லி விட்டிருந்த உறவுக்காரர் கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ஆள். போன வருசம் வந்து பார்த்தால் காணிக்குள்ளால் டிப்பர் போய் வந்த தடம், கரையில் நின்ற பெரிய மருது இரண்டு வேரோடு சரிந்து கிடக்கின்றன. தான் இருக்கும் நாட்டில் ஆறுகளையும் ஆற்றோரத் தனியார் காணிகளையும் ஊர்மட்ட அறக்கட்டளைகள் பொறுப்பெடுத்துக் காப்பாற்றுகின்றன, லாண்ட் ட்ரஸ்ட் என்கிறார்கள், அதை வன்னியில் செய்யமுடியாதா என்பது கேள்வி.

செய்யலாம் தம்பி. ஆனால் அங்கே எழுதும் பத்திரத்தைத் தமிழாக்கி இங்கே கையெழுத்து வைத்தால் அது வெறும் கடதாசியாகத்தான் இருக்கும். நான் காணிக் கிளையில் இருந்து ஓய்வுபெற்றவன், சட்டத்தரணி அல்ல. உறுதிகள், பெர்மிட்டுகள், எல்லைச் சண்டைகள் என்று கனகாலம் பார்த்த ஆள் என்ற அளவில் சொல்கிறேன். எழுதுகிற வேலையை ஒரு நல்ல நொத்தாரிசிடம்தான் கொடுக்கவேண்டும்.

முதலில் அங்கே நடப்பது என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் பெயரைக் கேட்டுவிட்டுக் காணியை அரசாங்கத்துக்கோ வெள்ளைக்காரனுக்கோ எழுதிக் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு காணிக்குள் பல உரித்துகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. உறுதியில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என்று எழுதுகிறோமே, அதே கதைதான். அங்குள்ள காணிக்காரர் காணியைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்டு, வீடு கட்டும் உரித்தையும் துண்டு துண்டாக்கி விற்கும் உரித்தையும் மட்டும் கழற்றி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கிறார். அறக்கட்டளை அந்த உரித்தைப் பாவிப்பதில்லை, பூட்டிவைத்திருக்கிறது. காணி கைமாறினாலும் பூட்டு காணியோடேயே போகும், வருசத்துக்கு ஒருதரம் ஆள் வந்து நடந்து பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போவார். 1891 இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸில் இதற்கென்று முதல் அமைப்பு வந்தது, அதைப் பார்த்து 1895 இல் இங்கிலாந்தில் நஷனல் ட்ரஸ்ட். உங்கள் கனடாவில் 1995 முதல் இப்படிக் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை இருக்கிறது. அந்த வரிச்சலுகை இல்லாவிட்டால் அங்கேயும் இவ்வளவு பேர் கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான், அது வேறு கதை.

ஆறு சம்பந்தப்பட்டதில் எனக்குப் பிடித்த உதாரணம் நியூயோர்க். அந்த நகரத்துக்குக் குடிதண்ணீர் வடக்கே மலைப்பக்கத்து நீரேந்து பகுதிகளில் இருந்து வருகிறது. பெரிய செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, அல்லது தண்ணீர் வரும் நிலத்தையே காப்பாற்றுவதா என்று வந்தபோது, 1997 இல் மேட்டுப்பக்க ஊர்களோடு உடன்படிக்கை செய்து, விருப்பமுள்ளவர்களிடம் காசு கொடுத்துக் காணியையும் காணிமேல் உள்ள உரித்துகளையும் வாங்கத் தொடங்கினார்கள். கீழே குடிக்கிறவன் மேலே கரையைக் காக்கிறவனுக்குக் காசு கொடுக்கிறான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா இல்லையா என்று எத்தனை வருசம் இழுபட்டோம், கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. அந்த வாக்குவாதம் முழுக்கக் குளத்தில் இருக்கிற தண்ணீரை யாருக்குப் பங்கிடுவது என்பதுதான், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆற்றின் கரையை யார் பார்ப்பது என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

சரி, வன்னிக்கு வருவோம். கனகராயன் ஆறு சேமமடுப் பக்கம் தொடங்கி வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்று மாவட்டத்தையும் தொட்டு, இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விடுகிறது. இது ஒரு அதிர்ஷ்டம். அருவி ஆற்றை எடுத்தால் 164 கிலோமீற்றர், அனுராதபுரத்துக்கு அப்பால் பிறந்து மல்வத்து ஓயா என்ற பேரில் வந்து மன்னாரில்தான் நம் ஆறாகிறது, மேலே என்ன நடந்தாலும் கட்டுக்கரைக்குளத்துக் கமக்காரர் ஒன்றும் செய்யமுடியாது. கனகராயன் ஆறு தலை முதல் கால் வரை வன்னிக்குள்ளேயே கிடக்கிறது. காப்பாற்றினாலும் நாம்தான், கெடுத்தாலும் நாம்தான்.

நம் ஆறுகள் வருசம் முழுக்க ஓடுகிறவை இல்லை. ஐப்பசி கடைசியில் தொடங்கித் தை வரைக்கும் ஓடும், மாசி பங்குனியில் இறங்கிப் போனால் வெறும் மணல். அந்த மணலுக்குள்தான் தண்ணீர் நிற்கிறது. கோடையில் முழங்கால் அளவு தோண்டினால் ஊறும், மாடு குடிக்கும், கரையோரக் கிணறு இறங்காமல் நிற்கும். மணலை அள்ளினால் ஆற்றுப் படுக்கை பதிகிறது, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் அதோடு சேர்ந்து கீழே போகிறது. கரையில் மருதின் வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கும், படுக்கை பதிந்தால் வேர் வெளியே வந்து மரம் தன் பாரத்திலேயே சரியும். மரம் சரிந்த இடத்தில் அடுத்த மாரி வெள்ளம் கரையைக் கடிக்கும், கடித்த மண் எல்லாம் கீழே குளத்துக்குள் போய்ப் படியும். இரணைமடு 36 அடி என்று நிரம்பும் நேரத்தில் பத்திரிகைக்காரர் எழுதுகிறார்களே, அந்தக் கணக்குக்குள் வண்டல் எவ்வளவு என்று வான் பாயும்போது யாருக்கும் நினைவு வராது. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோது எல்லாரும் கதவைத் திறந்த நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் ஆறு மேலே எப்படி வந்தது என்பதும் ஒரு கேள்வி.

உங்கள் காணியில் சரிந்த இரண்டு மருதும் ஏன் சரிந்தன என்று இப்போது விளங்கும். உங்கள் காணிக்குள் ஒரு கூடை மணல் கூட அள்ளியிருக்கமாட்டார்கள். ஆற்றுக்குள் அள்ளியிருப்பார்கள், உங்கள் காணி அவர்களுக்குப் பாதை. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: வன்னியில் ஆற்றைக் காப்பது என்றால் முதலில் ஆற்றுக்குப் போகும் வழியைக் காப்பது. ஆறு அரசாங்கத்துடையது, பொது ஆறுகளின் தண்ணீரை ஆளும் உரித்து அரசுக்கு என்று அரச காணிகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது, மணல் எடுக்கும் அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கையில். ஆற்றைப் பற்றி நீங்கள் செய்யக்கூடியது புகார் கொடுப்பது மட்டும். ஆனால் டிப்பர் பறந்து போய் ஆற்றில் இறங்காது. தனியார் காணி ஒன்றுக்குள்ளால்தான் போகவேண்டும், அந்தக் காணி பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவருடையது, வேலி விழுந்து கிடக்கும், கேட்க ஆள் இல்லை.

இனி ஏன் அங்கத்தைய பத்திரம் இங்கே பிடிக்காது என்று சொல்கிறேன். நம் காணிச் சட்டத்துக்கு அடி ரோமன் டச்சுச் சட்டம். அதில் ஒரு காணிமேல் இன்னொருவருக்கு நிரந்தரமான உரித்து இருக்கவேண்டுமானால், அந்த உரித்தால் நன்மை பெறும் இன்னொரு காணி பக்கத்தில் இருக்கவேண்டும். வழி உரித்து, வாய்க்கால் உரித்து எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. காணியே இல்லாத ஒரு சங்கம் 'இந்தக் கரையில் மரம் வெட்டக்கூடாது' என்ற உரித்தைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க இங்கே தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இதே சிக்கல் இருந்து, 1981 இல் மாதிரிச் சட்டம் ஒன்று எழுதி ஒவ்வொரு மாநிலமாக ஏற்றுக்கொண்டுதான் சரிப்படுத்தினார்கள்.

அப்போ உறுதியிலேயே 'என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை விற்கக்கூடாது, கரையைத் தொடக்கூடாது' என்று எழுதிவிட்டால்? முந்தி அப்படி எழுதினார்கள், பழைய உறுதிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். 1972 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் அந்த வகைத் தலைமுறைக் கட்டுகளை ஒழித்துவிட்டது. ஆசைக்கு எழுதலாம், நிற்காது.

நிற்கிற வழி ஒன்று இருக்கிறது, அது நம் கோயில்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவருவது. தருமசாதனம். விளக்கெரிக்க, அன்னதானம் கொடுக்க, மடம் நடத்த என்று வயலையும் தோட்டத்தையும் எழுதிவைத்து, அதை ஆள இன்னார் இன்னார் என்று தர்மகர்த்தாக்களை நியமித்து வைத்திருக்கிறோம். சட்டத்தில் இதற்கு இடம் 1917 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் (ட்ரஸ்ட்) கட்டளைச் சட்டம். அதில் தரும நோக்கம் என்றால் வறுமை தீர்த்தல், கல்வி, சமயம் என்று மூன்றைச் சொல்லி, நாலாவதாக மனிதகுலத்துக்கு நன்மை தரும் வேறு எதுவும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கரையைக் காத்துக் கீழ்ப்பக்கக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தண்ணீர் நிற்கச் செய்வது அந்தக் கதவுக்குள்ளால் போகும் என்பது என் எண்ணம். அதற்காக நோக்கத்தை எழுதும்போது 'இயற்கையைப் பேணல்' என்று அழகாக ஒரு வரியில் முடிக்கவேண்டாம். எந்த ஆறு, எந்தக் கரை, எத்தனை அடி அகலம், எந்த ஊர்க் கமக்காரருக்கும் குடியிருப்பாளருக்கும் என்ன நன்மை, எதைச் செய்யக்கூடாது (மணல், கிரவல், மரம், பாதை), எதைச் செய்யலாம் (மாடு தண்ணீருக்கு இறங்குவது, விழுந்த விறகு பொறுக்குவது) என்று பச்சையாக எழுதவேண்டும். காணி சம்பந்தப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பு நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலோ மரணசாதனத்தில் (உயிலில்) இருந்தாலோதான் செல்லும், எழுதிய கையோடு காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதியைப் பின்னால் எழுதிப் பதிந்த உறுதி வென்றுவிடலாம். இதில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தருமசாதனத்தில் இன்னொரு பலம் இருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கடமை தவறினால், அந்தத் தருமத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து நீதிமன்றம் போகலாம். அதாவது ஊர்ச் சனமே கேட்கலாம். கோயில் வழக்குகள் முடிவில்லாமல் இழுபடுவதும் இதே வாசலால்தான், அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் கேட்க ஆள் இல்லாத காணியைவிட வழக்குப் பேச ஐந்து பேர் இருக்கிற காணி மேல்.

யார் யாரைப் போடுவது? இதில்தான் எல்லாரும் பிழைவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் தன் அண்ணனையோ ஊரில் நிற்கும் மச்சானையோ தனியாகப் போடுவார். அது நம்பிக்கைப் பொறுப்பு இல்லை, பழைய அற்றோணித் தத்துவத்துக்கு (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு) புதுச் சட்டை. என்னைக் கேட்டால் குடும்பத்தில் ஒருவர், அந்தப் பகுதிக் கமக்காரர் அமைப்பின் தலைவர் பதவி வழியாக, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர், பக்கத்துக் கோயில் அல்லது தேவாலய சபையில் ஒருவர், பள்ளிக்கூட அதிபர். ஐந்து பேர். கமக்காரர் அமைப்பு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் தண்ணீரில் நேரடி வயிற்றுப்பாடு இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த அமைப்பு அது, காலபோகக் கூட்டத்தில் கச்சேரி அதிகாரிகளுக்கு முன்னால் எழும்பி நின்று பேசக்கூடிய ஆட்கள் அவர்கள். 'ஆற்றங்கரையில் இன்ன இடத்தில் டிப்பர் இறங்குது' என்று உங்கள் மின்னஞ்சல் சொல்வதும் கமக்காரர் அமைப்பு கூட்ட அறிக்கையில் பதிந்து சொல்வதும் ஒன்றில்லை.

ஊரில் இன்னொரு பயம் இருக்கிறது, தெரியாமல் போய் மாட்டாதீர்கள். வன்னியில் 'பாதுகாக்கப்பட்ட பிரதேசம்' என்ற சொல்லைக் கேட்டாலே சனம் பின்வாங்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தால் தாங்கள் உழுத காணி பற்றைக்காடாகி, அதற்குள் வனத் திணைக்களக் கல் நட்டிருந்தது, இல்லை வனசீவராசித் திணைக்களத்தின் எல்லைக்குள் போயிருந்தது. அதற்காக இன்னும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார்கள். அந்தச் சனத்திடம் போய் 'ஆற்றைப் பாதுகாக்க ஒரு ட்ரஸ்ட்' என்று தொடங்கினால் அடுத்த கல் எங்கே நடுவார்கள் என்றுதான் யோசிப்பார்கள். அதனால் உங்கள் உறுதிக்காணிக்கு மட்டும்தான் இது, பக்கத்துப் பெர்மிட் காணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மாடு வழமைபோல இறங்கலாம் என்று முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

பெர்மிட் காணி என்று சொன்னேனே. இலங்கை நிலத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அரசுடையது என்பார்கள், வன்னியில் குடியேற்றத் திட்டங்களும் காடும் சேர்ந்து அது இன்னும் கூட. ஆற்றோரமாகக் கமம் செய்கிறவர்களில் நிறையப் பேரிடம் இருப்பது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரமோ அளிப்போதான். அதைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, பின்னுரித்தாளியையும் (காணிக்காரருக்குப் பிறகு அதைப் பெறுபவரையும்) சட்டம் சொன்ன உறவுக்காரருக்குள்தான் போடலாம். அப்படியானவர்கள் தருமசாதனம் எழுத முடியாது, எழுதத் தேவையும் இல்லை. அவர்களோடு செய்யக்கூடியது வாய்ப்பேச்சு உடன்பாடு: கரையில் இருந்து இவ்வளவு தூரம் உழுவதில்லை, மருது நாணல் வெட்டுவதில்லை, டிப்பருக்கு வழி விடுவதில்லை. அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். 2024 இல் தொடங்கிய உரித்து வேலைத்திட்டம் மாதிரி ஒன்றால் இந்தப் பெர்மிட்டுகள் முழு உறுதியாக மாறும்போது கதை வேறாகும். அது சனத்துக்கு நல்ல விசயம், மறுக்கவில்லை. ஆனால் விற்கக்கூடிய காணி ஆனதும் முதலில் விலை பேச ஆள் வருவது ஆற்றோரத் துண்டுகளுக்குத்தான், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்கள் வீட்டுப் பிரச்சினை. காணி அப்பாவின் பேரில், நாலு பிள்ளைகள், இன்னும் பங்கு பிரிக்கவில்லை. அப்படியென்றால் நாலு பேரும் பிரிக்கப்படாத பங்குக்காரர். நீங்கள் ஒருவர் மட்டும் எழுதினால் உங்கள் பங்கு மட்டும்தான் தருமத்துக்குப் போகும், அது எந்தக் கரையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாலு பேரும் ஒத்துவந்து ஒரே உறுதி எழுதுவது சுகமான வழி. ஒருவர் மறுத்தால் ஆற்றுப்பக்கத் துண்டை உங்கள் பங்காக ஒதுக்கிப் பங்குபிரிப்பு உறுதி எழுதிக்கொண்டு பிறகு தருமசாதனத்துக்குப் போங்கள். மேட்டுக்காணி எல்லாருக்கும் விருப்பம், ஆற்றுப்பக்கம் வெள்ளம் ஏறுகிற துண்டு, ஆகவே சகோதரங்கள் சந்தோசமாகவே விட்டுத்தருவார்கள். வழக்குப் போட்டுப் பிரிக்கப் போனால் உங்கள் மகன்தான் தீர்ப்பைக் காண்பான். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட குடும்பம் என்றால், பங்காளி ஒருவர் வெளியாளுக்கு விற்கப்போகும்போது முதலில் வாங்கும் உரித்து மற்றப் பங்காளிகளுக்கு இருக்கிறது, அதற்கு 1947 இல் தனிக் கட்டளைச் சட்டமே உண்டு. அண்ணன் விற்றுவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

குடியுரிமையையும் கவனியுங்கள். 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் காணி எழுதுவதைத் தடுத்திருக்கிறது. தகப்பனிடம் இருந்து பிள்ளைக்கு வழியுரிமையாக வருவதை அது தடுக்கவில்லை, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் 'ரொறன்ரோவில் ஊர்ச் சங்கம் ஒன்றைப் பதிந்து அதன் பேரில் காணியை வாங்குவோம்' என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். காணி இங்கே உள்ளவர்களின் நம்பிக்கைப் பொறுப்பில்தான் இருக்கவேண்டும், நீங்கள் காசும் கண்ணும் கொடுக்கலாம்.

காசு என்றதும் சொல்கிறேன். வேலி, வருசத்துக்கு இருதரம் பற்றை வெட்டுவது, கேஸ் வந்தால் சட்டத்தரணி, இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு ஒரு நிறுவனம் எங்கள் பக்கம் வந்து கரையோரம் கன்று நட்டது, பெரிய விளம்பரப் பலகை, படம் எடுப்பு, பிறகு அடுத்த மாரிக்கு ஆள் இல்லை. கன்றை ஆடு தின்றது, பலகைத் தகரத்தை யாரோ மாட்டுக்கொட்டிலுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள், அது ஒன்றுதான் அதில் உருப்படியாகப் பயன்பட்டது. கோயில் எப்படிச் செய்கிறது? விளக்குக்கு எண்ணெய் வயல் தருகிறது. அதையே செய்யுங்கள். ஆறு ஏக்கரில் ஆற்றுப்பக்கம் ஒன்றரை ஏக்கரைத் தொடாமல் விடுங்கள், மேட்டுப்பக்கம் ஓர் ஏக்கரைச் சேர்த்துத் தருமத்துக்கு எழுதி அதை உழுந்துக்கோ பயறுக்கோ குத்தகைக்குக் கொடுங்கள். குத்தகைக் காசு வேலிக்கு. குத்தகைக்காரன் அங்கே நாளாந்தம் நிற்கிற ஆள், காவலும் அவனே. மிச்சம் மூன்றரை ஏக்கரும் உங்கள் நாலு பேருக்கும் இருக்கும். முழுக் காணியையும் தருமத்துக்கு எழுதத் தேவையில்லை, அப்படிக் கேட்டால் சகோதரங்கள் கையெழுத்தும் வைக்கமாட்டார்கள்.

ஒரு காணியால் ஆறு பிழைக்குமா என்று கேட்பீர்கள். பிழைக்காது. ஆனால் டிப்பர் இறங்கக்கூடிய இடங்கள் ஒரு கரையில் எல்லா இடமும் இல்லை. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சேறு, வேறொரு பக்கம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடந்து பார்த்தால் இறங்குதுறை எண்ணி எடுக்கக்கூடியதாகத்தான் இருக்கும், அவற்றில் வெளிநாட்டில் இருப்பவர்களின் உறுதிக்காணி எத்தனை என்று பாருங்கள். அந்த ஆட்களை உங்களுக்கு வட்சப் குழுக்களில் தெரிந்திருக்கும், ஒரே ஊர்ச் சனம்தானே. அவர்கள் எல்லாரும் தருமசாதனம் எழுதத் தேவையில்லை, அற்றோணிக்காரருக்கு ஒரு கடிதமும் ஒரு கம்பிவேலியும் போதும்.

அந்தக் கடிதம்தான் உங்களுடைய முதல் வேலையும். தருமசாதனம் எழுத வருசக்கணக்காகலாம், டிப்பர் நாளைக்கும் போகும். உறவுக்காரருக்கு நீங்கள் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். 'சகல அதிகாரமும்' என்று இருந்தால் அவர் வைக்கும் சம்மதக் கையெழுத்து உங்கள் கையெழுத்து மாதிரி. பதிந்த அற்றோணியை ரத்துச் செய்வதும் பதிவில் வரவேண்டும், போனில் 'இனி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. அவர் காசு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, இரவில் நாலு பேர் வந்து நின்றால் தனி மனுசன் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. அடுத்தது, பாதை. ஒருவர் இன்னொருவர் காணிக்குள்ளால் கேட்காமல், தடையில்லாமல், பத்து வருசம் போய் வந்தால் 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழி உரித்துக் கோரலாம். யுத்தத்தால் காணியை விட்டு நின்றவர்களுக்கு 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் இருந்து கழிக்க வழி செய்தது, ஆனால் 2009 க்குப் பிறகு ஓடிய வருசங்கள் ஓடியவைதான், எண்ணிப் பாருங்கள். ஆகவே இப்போதே குறுக்கே வேலி போட்டு, படம் எடுத்து, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியை வையுங்கள். வேலியை உடைத்து யாராவது இடம் பிடித்தால் இரண்டு மாதத்துக்குள் நீதவான் நீதிமன்றத்தில் கொண்டுவந்தால் 1979 ஆம் ஆண்டு 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் நிலைமையைப் பழையபடி ஆக்கக் கேட்கலாம், பிந்தினால் மாவட்ட நீதிமன்றத்து நீண்ட வழக்குத்தான்.

மணலுக்கு அனுமதி இருக்கிறது என்று சொல்லி வந்தால் பத்திரத்தைக் கேளுங்கள், அதில் எந்த இடம், எவ்வளவு, எந்தத் திகதி வரை என்று இருக்கும். 2019 டிசம்பரில் மணல் ஏற்றிப்போகும் அனுமதிப்பத்திரத்தை அரசு கொஞ்சக்காலம் இல்லாமல் செய்ததில் இருந்து 'பத்திரம் தேவையில்லை' என்ற கதை இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. நம்பவேண்டாம்.

கடைசியாக, நொத்தாரிசிடம் போவதற்கு முன் அப்பாவின் பெட்டியில் இருக்கும் உறுதியை எடுத்துக் கிழக்கு எல்லையோ மேற்கு எல்லையோ ஆற்றுப்பக்கம் எதுவோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். 'ஆறு' என்று மட்டும் இருந்தால் ஒரு கதை, 'ஆற்று ஒதுக்கம்' என்று இருந்தால் இன்னொரு கதை, ஏனென்றால் கரையோரமாக விட்டுவைத்த அந்த ஒதுக்கம் அரசுடையது, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் மருதுகளே உங்கள் காணிக்குள் நிற்காமல் இருக்கலாம். நில அளவையாளர் படம் இருந்தால் அதன் இலக்கத்தையும் வருசத்தையும் பாருங்கள், படத்துக்குப் பிறகு ஆறு இடம் மாறியிருந்தாலும் மாறியிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து, பெயர்களை மறைத்து அனுப்பினால் வாசித்துச் சொல்கிறேன்.